நாலுல ஒரு பங்கு வரி: நொய்யல் கரையும் ரோமாபுரியும்

நான் நெருப்பெரிச்சல்ல இருந்து பேசுறேன். திருப்பூருக்கு வடக்க, இப்போ மாநகராட்சிக்குள்ள வந்துட்ட ஊர். பின்னாடி கேக்குற சத்தம் பக்கத்து வீட்டு ஓவர்லாக் மெஷின். எடிட்டிங்ல எடுத்துடலாம்னு பார்த்தேன், முடியல. இன்னைக்குப் பேசப்போற விஷயத்துக்கு அது பொருத்தம்தான், இருக்கட்டும்.

2025 ஆகஸ்ட் கடைசியில இந்தியப் பொருட்கள் மேல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது ஞாபகம் இருக்கும். திருப்பூர் ஏற்றுமதியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அங்கதான் போகுது. எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்குறாங்க. அந்த வாரம் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துட்டாங்க. "ஏம்மா, ஓவர்டைம் இல்லியா?"ன்னேன். "ஆர்டரை நிறுத்தி வெச்சிருக்காங்களாம் கண்ணு. அவிய ஊர்ல வரி போட்டா நம்ம சம்பளம் எதுக்குக் கொறையோணும்?"னு கேட்டாங்க.

அன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதைத் தேடப் போய்த்தான் இந்த எபிசோட் வந்தது. ஏன்னா, இதே நொய்யல் கரையில 2000 வருஷத்துக்கு முன்னாடி இன்னொரு ஏற்றுமதி ஊர் இருந்தது. அதோட பெரிய பையர்கள்ல ஒருத்தர், ரோமப் பேரரசு.

அந்த ஊர் கொடுமணல். இங்கிருந்து பைக்ல ஒரு மணி நேரம், ஈரோடு மாவட்டத்துல சென்னிமலைக்கு மேற்க. பதிற்றுப்பத்துல 'கொடுமணம்'னு வர்ற ஊர் இதுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1985-ல இருந்து பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டவங்க இங்க அகழாய்வு செஞ்சிருக்காங்க. கிடைச்சதையெல்லாம் பார்த்தா ஒரு தொழிற்பேட்டையோட ஸ்டாக் லிஸ்ட் மாதிரி இருக்கும். இரும்பு உருக்கின உலைகள், சங்கு வளையல் துண்டுகள், நூல் நூற்ற தக்களிக் குண்டுகள், அறுத்து முடிச்ச மணிகள், பாதி வேலையில நின்ன மணிகள். பாதி மணி கிடைக்கிறது முக்கியம். வாங்கி வெச்ச ஊர்ல அது கிடைக்காது, செஞ்ச ஊர்லதான் கிடைக்கும்.

இந்த மணிகள்ல ரோமானியர்கள் உயிரை விட்டது பெரிலுக்கு. கடல் தண்ணி நிறத்துல இருக்கிற பச்சைக்கல். கல்லு கிடைக்கிற இடம் காங்கயம் பக்கத்துப் படியூர். ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. 77 வாக்குல எழுதின இயற்கை வரலாறுங்கிற நூல்ல பெரிலைப் பத்தி விலாவாரியா சொல்றார். கூடவே ஒரு கம்ப்ளெயிண்டும் வைக்கிறார்: படிகக் கல்லுக்குச் சாயம் ஏத்தி இந்தியர்கள் போலி பெரில் செய்றாங்களாம்! டூப்ளிகேட் புகார் அப்பவே ஆரம்பிச்சிருச்சு.

சரக்கு எப்படிப் போச்சு? இங்கிருந்து மேற்க பாலக்காட்டுக் கணவாய் வழியா முசிறித் துறைமுகம். அங்க மிளகு, தந்தத்தோட கப்பல் ஏறி, அரபிக்கடல் தாண்டி செங்கடல் கரையில பெரெனிகே மாதிரி ஒரு எகிப்துத் துறைமுகம். அப்புறம் பாலைவனத்துல ஒட்டகம், நைல் நதியில படகு, கடைசியா அலெக்சாண்டிரியா. அங்க ரோம அரசு வாங்கின இறக்குமதி வரி 25 சதவீதம். நாலுல ஒரு பங்கு!

இதுக்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இருக்கு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் தாள், இப்போ வியன்னாவுல இருக்கு. முசிறியில இருந்து வந்த ஹெர்மபோல்லோன்ங்கிற கப்பலோட சரக்குக் கணக்கு. வரி கழிச்ச பிறகும் மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ். அப்போ ஒரு சாதாரண ரோமப் படைவீரனோட வருஷச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். அப்படின்னா 5,000 பேருக்கு மேல ஒரு வருஷச் சம்பளம், ஒரே கப்பல்ல.

நம்ம பக்கம் அந்தக் காசு வந்ததுக்கும் தடயம் இருக்கு. 1842-ல கோவை வெள்ளலூர்ல ஒரே புதையல்ல 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைச்சது. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். கி.பி. 64-ல நீரோ மன்னன் காசுல வெள்ளியைக் குறைச்சான். அதனால நம்ம வியாபாரிகள் தரமான பழைய காசையே கேட்டு வாங்கினாங்கன்னு பல ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. பேமெண்ட் விஷயத்துல அவங்களும் உஷார்தான்.

துணிக்கும் ஒரு கதை இருக்கு. பெரெனிகேல பருத்தித் துணித் துண்டுகள் நிறைய கிடைச்சிருக்கு. அது எகிப்துத் துணியா இந்தியத் துணியான்னு எப்படிப் பிரிக்கிறாங்க தெரியுமா? நூல் முறுக்கை வெச்சு. எகிப்துக்காரங்க பழங்காலத்துல இருந்தே எஸ் முறுக்கு போட்டு நூற்பாங்க. இந்திய நூல் இசட் முறுக்கு. எங்கம்மாகிட்ட இதைச் சொன்னேன். "டீ-சர்ட்டைத் துவைச்சா சைடு தையல் கோணிக்கிட்டுப் போறதும் முறுக்காலதான். நாங்க தினமும் பாக்குறதுதானே"ன்னாங்க. அந்தத் துணி கொங்கு நாட்டு நூல்னு நான் சொல்ல வரல. ஆனா அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க நெருப்பெரிச்சல்லயே இருக்காங்க.

சரி, அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். 25 சதவீத வரி போட்டும் கொடுமணல் ஏன் படுத்துடல?

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் ரெண்டு காரணம். ஒண்ணு, மிளகுக்கும் பெரிலுக்கும் ரோமுக்கு வேற வழி ரொம்பக் குறைவு. அதனால வரியை விலையில ஏத்தி வாங்குறவங்க தலையில கட்ட முடிஞ்சது. இந்தியச் சரக்கு நூறு மடங்கு விலைக்கு விக்குதுன்னு பிளினி புலம்புறார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகுதுன்னும் சொல்றார். டீ-சர்ட் அப்படி இல்ல. நமக்கு 50 சதவீதம் போட்ட அதே ஆகஸ்ட்ல வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம். பையர் அங்க போயிடுவேன்னு சொல்லலாம். உடனே டிஸ்கவுண்ட் கேட்பார், கம்பெனி குடுக்கும், கடைசியில அது ஓவர்டைம்ல கை வைக்கும். வரி மேல இருந்து கீழ உருண்டு எங்கம்மாகிட்ட வந்து நிக்கிறது இப்படித்தான்.

ரெண்டாவது, கொடுமணல் ரோமை மட்டும் நம்பல. ரோமக் கப்பல்கள் முசிறிக்குக் கூட்டமா வர ஆரம்பிக்கிறதுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னாடியே அது தொழில் செஞ்ச ஊர். இரும்பு, சங்கு, கல்மணின்னு பல தொழில். ஆப்கானிஸ்தான் பக்கத்து நீலக்கல் வரைக்கும் இங்க வந்திருக்கு. ஒரு வாசல் மூடினா இன்னொண்ணு இருந்தது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கொடுமணலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பார்க்கப் பெரிசா ஒண்ணும் இல்ல. காடு, கல்வட்டங்கள், மண்ணுக்குள்ள அங்கங்க ஓட்டுத் துண்டு. வர்ற வழியில ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தோம். 1992-ல பாசனத்துக்காக நொய்யல்ல கட்டினது, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்குற இடமா மாறிப்போச்சு. 2011-ல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட கதை உங்களுக்குத் தெரியும். கொடுமணல்காரங்க தண்ணி குடிச்சதும் இதே ஆறுதான்.

திரும்பும்போது அம்மாகிட்ட, கொடுமணல்ல கிடைச்ச நூத்துக்கணக்கான பானை ஓடுகள்ல தமிழி எழுத்துல ஆளுங்க பேர் கீறியிருக்குன்னு சொன்னேன். கண்ணன் ஆதன், பண்ணன், சம்பன்னு. கல்வெட்டுல வர்ற ராஜா இல்ல, பானை வெச்சிருந்த ஆளுங்க.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "நாங்க செக் பண்ற பீஸ்ல நம்பர்தான் ஒட்டுவோம் கண்ணு. பேரெல்லாம் எழுதறதில்ல."

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.