உள்ளாட்சித் தேர்தலில் மாற்று வாக்களிப்பு முறைகள்

வாக்குச்சாவடிக்கு நேரில் வர இயலாதவர்கள் அஞ்சல், இணையம், கைப்பேசி ஆகியவற்றின் வழியே வாக்களிக்கச் செய்யப்படும் ஏற்பாடுகள் மாற்று வாக்களிப்பு முறைகள் எனப்படுகின்றன. இந்தியாவில் இவை சில மாநிலங்களின் நகர உள்ளாட்சித் தேர்தல்களில் சோதனை முறையில் கையாளப்பட்டுள்ளன.

தேவை

மதுரையை அடுத்துள்ள பரவை பேரூராட்சி உட்பட, தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று ஒரே கட்டமாகத் தேர்தல் நடந்தது. காலை 7 மணிக்குத் தொடங்கிய வாக்குப்பதிவில் மாலை 5 முதல் 6 மணி வரையான கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. நோயாளிகளுக்காக நேரம் நெகிழ்ந்தது; ஆனால் இடம் நெகிழவில்லை. பிழைப்புக்காக வெளியூரில் தங்கியிருப்பவர் ஊருக்கு வந்தால்தான் வாக்களிக்க முடியும். சில வாக்குகளே வெற்றியை முடிவு செய்யக்கூடிய வார்டுத் தேர்தலில் இது சிறிய குறையன்று.

சட்ட அடிப்படை

அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்களின்படி உள்ளாட்சித் தேர்தல்களை அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையங்களே நடத்துகின்றன. எனவே ஒரு மாநிலம் புதிய முறையொன்றைத் தனியே சோதித்துப் பார்க்க இயலும். எனினும் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும். 1982இல் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக மின்னணு இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு வழியில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1984இல் அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது.

சோதனைகள்

குஜராத்தில் 2010ஆம் ஆண்டு மாநகராட்சித் தேர்தல்களில் இணையவழி வாக்களிப்பு அறிமுகமானது. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே இவ்வசதி கிடைத்தது. பயன்படுத்தியோர் மிகச் சிலரே. பீகாரில் 2025 ஜூன் 28 அன்று நடந்த நகராட்சித் தேர்தல்களில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கருவுற்ற பெண்கள், புலம்பெயர் தொழிலாளர்கள் ஆகியோர் கைப்பேசிச் செயலி வழியே வாக்களித்தனர்.

வாக்கின் மறைவு

வீட்டிலிருந்து வாக்களிப்பவர் அருகில் யார் நிற்கிறார் என்பதை எந்தச் செயலியாலும் முழுமையாக அறிய முடியாது. வாக்குச்சாவடியின் மறைப்பு அட்டை தரும் காப்பு வீட்டில் இல்லை. மதுரை மாவட்டத்திற்கு இது முக்கியமானது. உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் 1996 முதல் 2006 வரை தலைவர் பதவிக்கான தேர்தல் முறையாக நடைபெறவில்லை. நடந்தபோதும் வென்றவர் பதவியில் நீடிக்கவில்லை. இத்தகைய அழுத்தம் உள்ள இடத்தில் வாக்கின் மறைவே வாக்காளரின் பாதுகாப்பு.

2005இல் உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்கைத் தொடங்கிய எசுத்தோனியா இதற்கு ஒரு வழி கண்டது. அங்கு இணையத்தில் வாக்களித்தவர் மீண்டும் வாக்களித்து முந்தையதை மாற்றலாம். இறுதியாக அளித்ததே எண்ணப்படும். வற்புறுத்தலுக்கு உள்ளானவரும் பின்னர் தன் விருப்பப்படி வாக்களிக்க இது வாய்ப்பளிக்கிறது. தொலைவில் இருப்பவருக்கு வாக்கை எட்டச் செய்வதும், அருகில் இருப்பவரின் கண்ணிலிருந்து அதைக் காப்பதும் ஒன்றாக நிறைவேறும்போதே இச்சோதனைகள் வெற்றி பெறும்.