பதினேழு என்னும் ஆண்டு: புதுக்கோட்டைப் பெட்டகங்களில் ஜப்பானிய அஞ்சல் முத்திரைகள்

மலாயாவின் பேராக் சுல்தான் இஸ்கந்தரின் படம் போட்ட அஞ்சல் தலை ஒன்று. அதன் மேல் கறுப்பு மையில் வட்ட முத்திரை, நடுவே 17.8.20 என்று எண்கள். ஆங்கிலேய வழக்கப்படி வாசித்தால் 1920 ஆகஸ்ட் 17. ஆனால் இஸ்கந்தரின் படம் தலைகளில் வந்ததே 1935இல்தான். ஆகவே அந்த வாசிப்பு விழுந்துவிடுகிறது. ஜப்பானிய முறையில் ஆண்டை முதலில் வைத்துப் படித்தால், பேரரசரின் ஆட்சியாண்டான ஷோவா 17, அதாவது 1942 ஆகஸ்ட் 20. பழைய ஆங்கிலேய முத்திரைக் கட்டையில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை மாறாமல், ஆண்டு மட்டும் ஜப்பானியக் கணக்குக்குப் போயிருந்தால் ஷோவா 20, ஆகஸ்ட் 17. ஜப்பான் சரணடைவை அறிவித்து இரண்டே நாள் ஆகியிருந்த 1945ஆம் ஆண்டுத் தேதி அது. எண்கள் மூன்றும் மாறவில்லை; தேதிகளுக்கிடையே மூன்றாண்டு இடைவெளி.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் சமஸ்தானமாக இருந்த இந்தப் பகுதியின் நகரத்தார் ஊர்களான ராயவரம், இராமச்சந்திரபுரம், குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, கோனாபட்டு, மேலைச்சிவபுரி ஆகியவற்றிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் ஏராளம். அன்று தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார்கள். இவர்கள் வீட்டுப் பெட்டகங்களிலும் ஆல்பங்களிலும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அந்த நாடுகளைப் பிடித்து ஆண்ட காலத்துத் தலைகள் கிடைப்பது இயல்பே. ஆனால் அவற்றைத் தவறாகத் தேதியிட்டால் அந்தக் குடும்பத்தின் கதையே தவறாகிவிடும்.

ஜப்பானில் அஞ்சல் துறை 1871இல் மாயெஜிமா ஹிசோகாவின் முயற்சியால் தொடங்கியது. 1873 ஜனவரி 1 முதல் அங்கே ஆங்கில நாட்காட்டியின் மாதமும் நாளும் நடைமுறைக்கு வந்தன; ஆண்டு எண் மட்டும் பேரரசரின் ஆட்சிப் பெயரோடு ஒட்டி நின்றது. மெய்ஜி ஆண்டோடு 1867ஐயும், தைஷோ ஆண்டோடு 1911ஐயும், ஷோவா ஆண்டோடு 1925ஐயும் கூட்டினால் நம் ஆண்டு வரும். முத்திரையில் ஆட்சிப் பெயர் பொதுவாக இருக்காது என்பதுதான் சிக்கல். 15 என்று மட்டும் இருந்தால் அது 1882ஆகவும் 1926ஆகவும் 1940ஆகவும் இருக்கலாம்.

அங்கே உதவுவது முத்திரையின் வடிவம். 1888இல் பரவலான முத்திரை ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒற்றைக் கோடு. கோட்டுக்கு மேலே ஊர்ப் பெயர், கீழே தேதி. தேதி சீன எழுத்து எண்களில் இருக்கும். ஒரு கிடைக்கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று, கூட்டல் குறி போன்றது பத்து. இடையில் ஒரு குறுக்குக்கோடு போட்ட செவ்வகம் ‘நாள்’. அதே செவ்வகம் அடிப்பக்கம் திறந்து, உள்ளே இரண்டு கோடுகளோடு கால் நீட்டி நின்றால் ‘மாதம்’. இந்த ஆறேழு குறிகளைப் பழகிக்கொண்டால் ஜப்பானிய மொழி தெரியாதவரும் பாதித் தேதியைப் படித்துவிடலாம். 1906 முதல் வந்தது சேகரிப்பாளர்கள் சீப்பு முத்திரை என்று சொல்லும் வகை. வட்டத்தின் குறுக்கே இரண்டு கோடுகள், அவற்றுக்கிடையே நமக்குப் பழக்கமான எண்களில் ஆண்டு, மாதம், நாள். மேலே அலுவலகத்தின் பெயர், கீழே பெரும்பாலும் நேரம், கூடவே நெருக்கமான சிறு நெடுங்கோடுகள். எனவே சீப்பு முத்திரையில் 15 என்று கண்டால் 1882 என்ற வாசிப்பை உடனே தள்ளிவிடலாம். போருக்கு முந்தைய ஊர்ப் பெயர்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்; எண்களை மட்டும் இடமிருந்து வலமாக.

மலாயாவுக்கு வந்த ஜப்பானிய நிர்வாகம் இந்த முத்திரைகளை அப்படியே கொண்டுவந்து இறக்கவில்லை. அங்கே பெரும்பாலும் பழைய ஆங்கிலேயக் கட்டைகளே, ரோமன் எழுத்து ஊர்ப் பெயரோடு தொடர்ந்து புழங்கின. மாறியது ஆண்டு. ஷோவா 17 ஒரு வழக்கு. பேரரசு தொடங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 660இலிருந்து எண்ணும் 2602 இன்னொரு வழக்கு. இரண்டும் 1942தான். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்தது; இரண்டே நாளில் அது சியோனான் ஆயிற்று. அந்தப் பெயர் முத்திரைகளிலும் ஏறியது. ஆகவே சியோனான் என்ற பெயரைக் கண்டால் 1942 பிப்ரவரிக்கும் 1945 செப்டம்பருக்கும் வெளியே தேட வேண்டியதில்லை.

முத்திரையைத் தனியாகப் பார்த்தால் போதாது. தலையின் மேல் அச்சிட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் மாதங்களில் பழைய தலைகளின் மேல் கையால் முத்திரைகளைக் குத்தினார்கள். பினாங்கில் ஒகுகாவா, உச்சிபோரி என்ற அதிகாரிகளின் பெயர் முத்திரைகள். கிளந்தானில் சுனகாவா, ஹந்தா ஆகியோருடையவை. மலாக்காவில் குத்திய முத்திரை பெரியது; நான்கு தலைகள் சேர்ந்தால்தான் முழுதாகும். ஒற்றைத் தலையில் அதன் ஒரு மூலை மட்டும் தெரிவதால் பலர் அதை மைக்கறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அடுத்து ‘தாய் நிப்பான் 2602 மலாயா’ என்று ரோமன் எழுத்தில் அச்சு வந்தது. 1942 இறுதியிலிருந்து ஜப்பானிய எழுத்திலேயே மேலச்சு. 1943இல் ரப்பர் பால் வெட்டுவதும் ஈயம் தோண்டும் இயந்திரமும் படமாக வந்த புதிய தலைகள். 1944 பிப்ரவரி 15இல் ‘மலாயாவின் மறுபிறப்பு’ நினைவுத் தலை. தலையில் 2602 என்று அச்சிட்டிருப்பதால் கடிதமும் 1942இல் போனது என்று முடிவுகட்டக் கூடாது. மேலச்சு ஆண்டு தலை தயாரானதைத்தான் சொல்லும், தபாலில் சேர்த்த நாளை அல்ல.

இப்போது முதலில் சொன்ன பேராக் தலைக்கு வரலாம். அதன் மேல் அப்படிக் கையால் குத்திய முத்திரையோ ரோமன் மேலச்சோ இருந்தால் 1942 ஆகஸ்ட் 20 என்ற வாசிப்புக்கு வலு கூடும். 1945 முற்றாக விலகிவிடாது. ஜப்பானிய எழுத்து மேலச்சு இருந்தால் 1942 ஆகஸ்ட் நடக்காது, ஏனெனில் அந்த மேலச்சே அப்போது இல்லை. அப்படியானால் 1945 ஆகஸ்ட் 17 மட்டுமே மிஞ்சும். போலிகளைக் கண்டுபிடிக்கவும் இதே தர்க்கம் பயன்படும். போருக்குப் பிறகு இந்த மேலச்சுகளைப் போலியாகக் குத்தி விற்றவர்கள் உண்டு. மேலச்சின் மை அஞ்சல் முத்திரையின் மைக்கு மேலே படிந்திருந்தால், தபாலில் போய் வந்த தலையின் மேல் பிறகு யாரோ குத்தியிருக்கிறார்கள் என்று பொருள். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி இருந்தால் இதை வீட்டிலேயே பார்க்கலாம்.

நகரத்தார் வீடுகளில் இன்னொரு சான்று கைவசம் இருக்கிறது; வேறெங்கும் எளிதில் கிடைக்காதது. அவர்களது பேரேடுகளும் கடிதங்களும் தமிழ் வருடப் பெயரோடு எழுதப்பட்டவை. சிங்கப்பூர் வீழ்ந்தது விஷு வருடம் மாசியில். ஆண்டு முதலில் நிற்பதாகக் கொண்டால், 17.4.10 என்ற முத்திரை விஷு வருடப் பங்குனி, 17.4.20 சித்திரபானு வருடச் சித்திரை. ஷோவா 18இன் பெரும்பகுதி சுபானு, 19இன் பெரும்பகுதி தாரண, 20இன் பெரும்பகுதி பார்த்திப. உறைக்குள் கடிதம் இருந்து, அதன் தலைப்பில் வருடப் பெயர் தெரிந்தால் முத்திரை எண்ணில் எது ஆண்டு, எது நாள் என்ற தகராறு தீர்ந்துவிடும். அஞ்சல் முத்திரை பற்றிய ஆங்கில நூல்களை மட்டும் நம்பி ஆராய்பவருக்கு இந்தக் கதவு திறக்காது. கடல் கடந்த கடைகளின் கிட்டங்கிக் கணக்கைப் படிக்கத் தெரிந்த தலைமுறை இன்னும் சிறிது இருக்கும்போதே முத்திரையையும் கணக்கையும் இணைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பர்மாவின் கதை கொஞ்சம் வேறு. ரங்கூன் 1942 மார்ச்சில் வீழ்ந்தபோது பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள், தங்கியவர்கள் சிலர். அங்கே முதலில் மயில் உருவ மேலச்சு வந்தது. பிறகு அஞ்சல் துறையை நடத்திய ஷிசுவோ யானோவின் முத்திரை தலையில் ஏறியது. 

இவையெல்லாம் புதுக்கோட்டைக்கு எப்படி வந்தன என்பது முக்கியமான கேள்வி. தபாலில் வந்திருக்க முடியாது. எதிரி வசமிருந்த மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே வழக்கமான தபால் அறவே நின்றுபோயிருந்தது; மூன்றரை ஆண்டுகள் ஊரில் இருந்தவர்களுக்கு அங்கிருந்து உறையிட்ட கடிதம் வரவில்லை. ஆகவே உண்மையான ஜப்பானிய ஆட்சிக்கால முத்திரை ஒன்று ராயவரத்திலோ கோட்டைப்பட்டினத்திலோ கிடைத்தால், அது மலாயாவுக்குள்ளேயே ஈப்போவிலிருந்து பினாங்குக்கோ, கோலாலம்பூரிலிருந்து சியோனானுக்கோ போன கடிதத்திலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. 1945 செப்டம்பருக்குப் பிறகு கப்பல் ஓடத் தொடங்கியதும் திரும்பியவர்கள் வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டுகளோடு இதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். பின்னாளில் தலை வியாபாரியிடம் வாங்கியதாகவும் இருக்கலாம். அத்தகைய உறையில் இந்திய விநியோக முத்திரையும் இருந்தால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

1945 அக்டோபரில் பி.எம்.ஏ. (பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம்) மலாயா என்று மேலச்சிட்ட தலைகள் வந்தபோது முத்திரைகளில் ஆங்கில ஆண்டும் திரும்பியது. தபால் நின்றிருந்த அந்த இடைவெளியைத் தாண்டிப் பொன்னமராவதி வட்டத்துக்கும் அறந்தாங்கிப் பக்கத்துக்கும் வந்த முதல் கடிதங்களை ஜப்பானிய முத்திரைகளுக்குப் பக்கத்திலேயே வைத்து ஆராய வேண்டும். அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் உரித்தெடுப்பவர்கள் அனுப்பிய ஊரையும், தணிக்கை முத்திரையையும், உறையின் மேல் எழுதிய கடையின் விலாச எழுத்துகளையும் சேர்த்தே தொலைக்கிறார்கள்.