நாம் இருவர் (1947): பாடல்களும் இசைத்தட்டுகளும்

காரைக்குடி செக்காலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ரயில் நிலையத்தால் பெயர் பெற்ற தேவகோட்டை ரஸ்தாவில் ஏ. வி. மெய்யப்பன் தற்காலிகமாக அமைத்த படப்பிடிப்பு நிலையத்தில் உருவான தமிழ்ப்படம் ‘நாம் இருவர்’. 1947 ஜனவரியில், பொங்கலை ஒட்டி வெளிவந்தது. ப. நீலகண்டனின் ‘தியாக உள்ளம்’ நாடகமே இதன் கதை. டி. ஆர். மகாலிங்கம், டி. ஏ. ஜெயலட்சுமி, பி. ஆர். பந்துலு, குமாரி கமலா ஆகியோர் நடித்தனர். இசை ஆர். சுதர்சனம். ஏவி.எம். பெயரை நிலைநிறுத்திய படம் என்றே சினிமா வரலாறுகள் இதைக் குறிப்பிடுகின்றன. அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. இசைத்தட்டு விற்று வளர்ந்த ஒருவர், தம் தொழிலின் முதல் சரக்கான பாட்டுக்குத் திரும்பி வந்து, தனித்தனியாக நிற்கக்கூடிய பாட்டுகளைச் சுற்றி ஒரு படத்தைக் கட்டினார் என்பதே இதன் உண்மையான வரலாறு. ராக் இசை உலகில் ஒரு குழு சறுக்கலுக்கோ இழப்புக்கோ பிறகு கொண்டுவரும் தொகுப்பை மறுவருகை ஆல்பம் என்பார்கள். அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவரும் பாட்டுகள் சிங்கிள்கள். அந்தச் சொற்கள் புழக்கத்துக்கு வருமுன்பே செட்டிநாட்டில் நடந்தது ஏறக்குறைய அதே காரியம்.

மெய்யப்பன் 1907-இல் காரைக்குடியில் பிறந்தவர். தந்தை ஆவிச்சி செட்டியாரின் ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்பனைக்கு இருந்தன. ஒரு தட்டின் இரு பக்கங்களிலும் சேர்த்து ஆறு ஏழு நிமிடப் பாட்டு. சாவி கொடுத்து, ஊசியை மாற்றி, புனல் வடிவக் குழாய்க்கு முன் குடும்பமே உட்கார்ந்து கேட்ட காலம் அது. எந்தக் குரல் எந்த ஊரில் விலை போகிறது என்பதைக் கல்லாவில் இருப்பவன் அறிவதுபோல் வித்துவானும் அறிய மாட்டான். 1930-களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போன மெய்யப்பன், நாராயண அய்யங்கார் உள்ளிட்ட கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மன் நிறுவனமான ஓடியன் பெயரில் தட்டுகள் வெளியிட்டார். அந்தத் துணிச்சலில் 1935-இல் ‘அல்லி அர்ஜுனா’, ‘ரத்னாவளி’ என்ற இரு படங்களைக் கல்கத்தாவில் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அதற்குப்பின் வந்த படங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொது இழை தெரியும். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள். கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’ 1944-இல் தமிழ்க்குரல் சேர்த்து வெளிவந்தது. மொழிமாற்றுப் படங்களில் அது முன்னோடி. 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யில் நாயகி ருக்மிணியின் பாட்டு மனத்துக்கு ஒட்டவில்லை என்று, பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து ஒலியை மாற்றினார். படத்தைக் கண்ணால் எடுத்தவர் என்பதைவிடக் காதால் எடுத்தவர் என்று இவரைச் சொல்லலாம். முகத்தையும் குரலையும் தனித்தனிச் சரக்காகப் பார்க்க இசைத்தட்டுக்காரருக்குத்தான் முதலில் தோன்றும்.

1945 அக்டோபரில் கூட்டாளிகளை விட்டு விலகி, ஏவி.எம். என்ற சொந்தப் பெயரில் நிறுவனம் தொடங்கினார். போர்க்காலக் கட்டுப்பாட்டால் சென்னையில் புதிய படப்பிடிப்பு நிலையத்துக்கு மின்சாரம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஊர்ப்பக்கம் திரும்பி, ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையும் கீற்றுக்கொட்டகைகளுமாக வேலையை ஆரம்பித்தார். அங்கே எடுத்த முதல் படத்துக்கு அவர் தேடிய மூலப்பொருள் பாரதி. செட்டிநாட்டுக்குப் பாரதி புதியவரல்லர். 1919-இல் அவர் காரைக்குடி வந்து இந்து மதாபிமான சங்கத்தில் தங்கியபோது எடுத்த, கையில் கோலுடன் நிற்கும் புகைப்படம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் மெய்யப்பனுக்கு வேண்டியது மரியாதை மட்டுமல்ல, உரிமை. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை சென்னையில் சூரஜ்மல்ஸ் நகைக்கடையைச் சேர்ந்த ஜெசிங்லால் மேத்தாவிடம் இருந்தது. நூல்களை அச்சிடும் உரிமை ஒரு கை, பாட்டை ஒலியாக்கும் உரிமை இன்னொரு கை என்று அந்தக் கவிதைகள் அப்போதே பங்கு பிரிந்திருந்தன. பத்தாயிரத்தை ஒட்டிய தொகை கொடுத்து ஒலியுரிமையை மெய்யப்பன் வாங்கினார். சினிமாக்காரர் ஒரு படத்துக்கு நாலு பாட்டு கேட்பார். ஒரு கவிஞரின் ஒலி முழுவதையும் மொத்தமாக வாங்குவது தட்டு வியாபாரியின் புத்தி. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை.

படத்துக்குள் பாட்டுகள் அமைந்த விதம் அடுத்த சான்று. பாரதி விழாவில் தொடங்கி காந்தி பிறந்தநாள் விழாவில் முடியும் கதை இது. முக்கியமான பாட்டுகள் விழா மேடையில் நிகழ்பவை. கதாநாயகன் துயரப்பட்டுப் பாடும் பாட்டைக் கதை தெரியாதவன் கேட்டால் பாதிச் சுவைதான். மேடைப் பாட்டுக்கு அந்தக் குறை இல்லை. படம் பார்க்காதவன் வீட்டிலும், பண்டிகைப் பந்தலிலும், டீக்கடையிலும் அது முழுதாக நிற்கும். ‘சுதந்திரப் பள்ளு’வுக்கும் ‘முரசு’ பாட்டுக்கும் டி. கே. பட்டம்மாள் குரல் கொடுத்தார். வழுவூர் ராமையா பிள்ளையிடம் பயின்ற குமாரி கமலா ஆடினார். கமலாவுக்கு அப்போது வயது பன்னிரண்டு. கச்சேரியில் ராகம் தானம் பல்லவி பாடிப் பெயரெடுத்த ஒரு வித்துவாம்சினியின் கனத்த குரல் ஒரு சிறுமியின் உதட்டசைவில் வருவது, யோசித்துப் பார்த்தால், பொருந்தாத சேர்க்கை. கொட்டகையில் யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை. பட்டம்மாளின் குரலைத் தட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு அது பட்டம்மாளின் பாட்டாகவே கேட்டது. பக்திப் பாட்டும் தேசியப் பாட்டும் தவிர சினிமாவுக்கு வேறெதுவும் பாட மாட்டேன் என்பது அவர் வைத்திருந்த வரம்பு. 1939-இல் ‘தியாக பூமி’யிலும் அவர் பாடியது நாட்டுப்பற்றுப் பாட்டுதான். மேடைப் பாட்டாக அமைத்ததால் அந்த வரம்பும் காப்பாற்றப்பட்டது. காந்தியைப் போற்றும் பாட்டை எம். எஸ். ராஜேஸ்வரி பாடினார். குழந்தைக் குரலுக்கு அவரைத் தேடி ஏவி.எம். பின்னாளில் பலமுறை போனது. பள்ளு வடிவமே தட்டுக்கு வசதியானது என்பதையும் சொல்ல வேண்டும்: திரும்பத் திரும்ப வரும் பல்லவி, சின்னச் சின்னச் சரணங்கள், மூன்று நிமிடத்துக்குள் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விடலாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. ‘சபாபதி’ (1941), ‘என் மனைவி’ (1942), ‘ஸ்ரீவள்ளி’ என்று தொடர்ந்து ஓடிய படங்களைக் கொடுத்தவருக்கு மறுவருகை ஏது என்பது முதல் மறுப்பு. பண வரவை மட்டும் அளந்தால் இந்த மறுப்பு நிற்கும். ஆனால் மறுவருகை என்பது எப்போதும் பணத்தட்டுப்பாட்டிலிருந்து வருவதல்ல. 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட்டை இழந்த ஏசி/டிசி, அதே ஆண்டு ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ வெளியிட்டபோது கடனில் இருந்த குழுவல்ல, குரலை இழந்த குழு. நம் நாட்டில் இந்தியன் ஓஷன், 2009 டிசம்பரில் அசீம் சக்ரவர்த்தி காலமான பின், ‘16/330 கஜூர் ரோடு’ தொகுப்பின் பாட்டுகளை 2010 முதல் மாதத்துக்கு ஒன்றாக இலவசமாகவே விட்டது. அங்கும் பணம் முதற்காரணம் அல்ல. மெய்யப்பன் இழந்தவை கூட்டாளிகளும், நகரமும், வசதியான படப்பிடிப்பு நிலையமும். புதிய பெயருடன் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலையில் தமக்கு நன்றாகத் தெரிந்த தொழிலைக் கையில் எடுத்தார். அந்த அளவுக்கு ஒப்புமை பொருந்தும். அதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். இங்கே குழு என்று ஒன்றில்லை, சம்பளத்துக்கு வந்த கலைஞர்கள்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: படத்தை ஓட்டியது காலம்தான், தட்டு அல்ல. 1928-இல் பாரதியின் பாட்டுப் புத்தகங்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி சண்டை போட்டார். 1946-இல் காங்கிரஸ் அமைச்சரவை வந்தபின் அதே பாட்டுகளை உரக்கப் பாடத் தடையில்லை. சுதந்திரம் வாசலில் நின்ற நேரத்தில் அது வந்துவிட்டதாகவே ஆடிப்பாடும் பாட்டைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்? உண்மை. ஆயினும் அந்தக் காற்று எல்லாப் படத்தயாரிப்பாளர்களுக்கும் பொதுவாக வீசியது. பாரதி பாட்டுகள் அதற்கு முன்பும் நாடக மேடைகளிலும் கட்சிக் கூட்டங்களிலும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்கு நிலையான மெட்டும் குரலும் அமைந்து, ஊர் ஊராக ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கியது தட்டாலும் படத்தாலும்தான். 1947 ஆகஸ்டில் அகில இந்திய வானொலியில் பட்டம்மாள் பாரதி பாட்டைப் பாடியபோது கேட்டவர்களுக்கு அது முன்பே பழகிய பாட்டு. ஏழு மாதத்துக்கு முன்னரே கொட்டகைகளில் கேட்டாயிற்று.

மூன்றாவது மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பொதுச்சொத்தாக இருந்திருக்க வேண்டிய பாட்டுகளுக்கு வேலி போட்டு வியாபாரம் செய்தார் என்பது அது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1948-இல் எடுத்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்த்தபோது, ஒலியுரிமை தம்முடையது என்று மெய்யப்பன் தடுத்தார். சகோதரர்களில் ஒருவரான டி. கே. சண்முகம் பாரதியை மேடைகளில் பாடியே வளர்ந்தவர். அவருக்கே அனுமதி மறுப்பா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாரண துரைக்கண்ணன் முதலியோர் பாரதி விடுதலைக் கழகம் அமைத்தார்கள். தட்டு வியாபாரியின் கூர்மை படத்துக்குத் தந்த பலமும் இந்தத் தகராறும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றைப் புகழ்ந்து மற்றதை மறைப்பது வரலாறாகாது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு கேட்டபோது, மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்த படமான ‘வேதாள உலக’த்திலும் (1948) பாரதி பாட்டுகளும் பட்டம்மாள் குரலும் கமலாவின் நடனமும் தொடர்ந்தன. அதில் மாயாஜாலக் கதைக்குள் தேசியப் பாட்டைச் செருகிய தையல் கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதே ஆண்டில் நிறுவனம் ரஸ்தாவைக் காலிசெய்து சென்னைக் கோடம்பாக்கத்துக்குக் குடிபோனது. 1949-இல் பாரதி படைப்புகளை அரசு தன்வயமாக்கி, பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் வழங்கியது. பின்னர் அவை மக்களுக்கே உரியவை ஆயின. இன்று பாரதி பாட்டைப் பதிவுசெய்து வெளியிட விரும்பும் எந்த இசைக்குழுவும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.