பேன்பூண்டு தடுத்த பேரணை

'பேன்பூண்டு' என்று யாராவது ஒரு பூவுக்குப் பேர் வைப்பார்களா? வெள்ளைக்காரர்கள் வைத்தார்கள்! இந்தச் செடிகளை மேய்ந்தால் மாட்டுக்குப் பேன் பிடிக்கும் என்று அந்தக் காலத்து ஐரோப்பிய விவசாயிகளுக்கு ஒரு நம்பிக்கை. ஆங்கிலத்தில் 'லவுஸ்வொர்ட்'. லத்தீன் பெயரான 'பெடிகுலாரிஸ்' என்பதிலும் அதே பேன்தான். பாவம், அந்தச் செடிக்கும் பேனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!

இந்தக் குடும்பத்தில் ஒரு பூ மட்டும் அமெரிக்க அரசாங்கத்தையே தடுமாற வைத்தது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டிய குளிர்ப் பிரதேசம் மேய்ன் மாநிலம். அங்கே கேட் ஃபர்பிஷ் என்றொரு பெண்மணி இருந்தார். பல்கலைக்கழகப் பட்டமோ, சம்பளமோ இல்லை. மேய்ன் மண்ணில் பூக்கும் ஒவ்வொரு காட்டுப்பூவையும் தேடிப் பிடித்து வண்ணத்தில் வரைவது என்று ஒரே பிடிவாதம். சதுப்பு, காடு, ஆற்றங்கரை எல்லாவற்றிலும் முப்பது வருஷத்துக்கு மேல் அலைந்தார். 1880-ல் செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் புதுசாக ஒன்று கண்ணில் பட்டது. இலை பெரணி மாதிரி, உச்சியில் மஞ்சள் பூக்கள். ஹார்வர்டு தாவரவியலாளர் செரீனோ வாட்சன் அதைப் புது இனம் என்று உறுதிசெய்து, ஃபர்பிஷ் பெயரையே சூட்டினார்.

1908-ல் தன் ஓவியங்களைத் தொகுதிகளாக போடின் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார் ஃபர்பிஷ். அந்தக் கல்லூரி பெண்களைப் படிக்கச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததே 1971-ல்தான்! 1931-ல், தொண்ணூற்றேழு வயதில் அவர் காலமானார். நாளாக நாளாக அவருடைய பூவும் யார் கண்ணிலும் படவில்லை. 'அழிந்துபோச்சு' என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

இதற்கிடையே, அதே ஆற்றின் குறுக்கே டிக்கி - லிங்கன் என்ற மாபெரும் மின் திட்டத்துக்கு 1965-ல் அனுமதி கிடைத்தது. 80,000 ஏக்கருக்கும் மேல் காடு மூழ்கும். கட்டப்போவது ராணுவப் பொறியாளர் பிரிவு. சட்டப்படி சுற்றுச்சூழலை ஆராய வேண்டுமே என்று அவர்களே ஒரு தாவரவியலாளரை அனுப்பினார்கள். அவர் சார்லஸ் ரிச்சர்ட்ஸ். 1976-ல் ஆற்றங்கரையில் அவர் பார்த்தது... ஆமாம், அந்தப் பேன்பூண்டேதான்!

1973-லேயே அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் வந்திருந்தது. 1978-ல் இந்தப் பூவும் அந்தப் பட்டியலில் ஏறியது. அவ்வளவுதான், கேலி ஆரம்பித்தது. 'ஒரு களைச்செடிக்காக மின்சாரத்தை விடுவதா?' என்றார்கள். செலவு, மூழ்கும் காடு என்று அணைக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தது. பூ அந்த எதிர்ப்புக்கு ஒரு முகம் கொடுத்தது. கடைசியில் 1986-ல் டிக்கி அணைக்குக் கொடுத்த அனுமதியே ரத்தானது.

'செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் போச்சு, இதுக்கு இவ்வளவு ரகளையா?' என்று தோன்றுகிறதா? விஷயம் அங்கேதான் இருக்கிறது. இது பாதி ஒட்டுண்ணி. இலையில் உணவு தயாரித்தாலும், பக்கத்துச் செடியின் வேரிலும் வாய் வைத்து உறிஞ்சும். அதைவிட முக்கியம், பனிக்கட்டி! குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். வசந்தத்தில் அந்தப் பாளங்கள் உடைந்து, கரையை உழுதுகொண்டே போகும். புதரெல்லாம் காலி. அதில் சில பேன்பூண்டுகளும் சாகும். ஆனால், அப்படி வெட்டவெளியான கரையில்தான் அடுத்த தலைமுறை முளைக்கும். பனிக்கட்டி வராவிட்டால் புதர் மண்டி, நிழலிலேயே இது செத்துப்போகும். அணை கட்டியிருந்தால் மேலே இருந்த செடிகள் மூழ்கியிருக்கும். கீழே கரையை உழும் அந்த வேலையும் கெட்டிருக்கும். ஆக, காப்பாற்ற வேண்டியிருந்தது செடியை மட்டுமல்ல... கட்டற்று ஓடும் ஆற்றையும்தான்!

2023-ல் இந்தப் பூவுக்கான ஆபத்தின் அளவை அமெரிக்க அரசு ஒரு படி குறைத்தது. நல்ல சேதிதான். ஆனால், பூமி சூடேறிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தின் நடுவிலேயே பனி உருகினால், கரையை உழும் கணக்கு தப்பிவிடும். அணையைச் சட்டம் காட்டி நிறுத்த முடிந்தது. வெப்பத்தை எதைக் காட்டி நிறுத்துவது?