நடுவர் ஏன் விசில் ஊதினார்? கால்பந்து விதிகளை அறிந்துகொள்வோம்

உலகக் கோப்பை வந்துவிட்டால் நள்ளிரவானாலும் நம் வீடுகளில் தொலைக்காட்சி அணைவதில்லை. பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்தே பார்க்கிறோம். நமக்குப் பிடித்த அணிக்கு எதிராக விசில் ஊதப்பட்டால் போதும், "நடுவர் விலைபோய்விட்டார்" என்று யாராவது சொல்லிவிடுகிறோம். ஆதாரம் ஏதுமின்றி ஒருவரது நேர்மையைக் குறை சொல்கிறோம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. விதி என்ன, நடுவர் எதை வைத்து முடிவெடுக்கிறார் என்பது தெரிந்தால் இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலும் இடமிருக்காது.

விதியை வகுப்பது யார்?

கால்பந்தின் விதிகள் 1863-ல் லண்டனில் எழுதப்பட்டன. இன்று மொத்தம் 17 விதிகள். 1886-ல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கால்பந்து வாரியமே இவற்றை மாற்றும் அதிகாரம் பெற்றது. அதில் ஃபிஃபாவுக்கு 4 வாக்குகள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. எட்டில் ஆறு வாக்குகள் இருந்தால்தான் ஒரு விதி மாறும்.

அப்படி மாறிய ஒன்று நமக்கு நெருக்கமானது. 2011-ல் தலையை மறைத்து விளையாட வந்த ஈரான் பெண்கள் அணி, ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்டானுக்கு எதிராக ஆட அனுமதிக்கப்படவில்லை. 2014-ல் வாரியம் தலை மறைப்பை அனுமதித்தது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாபுடன் களமிறங்கினார். எனவே, விதியில் குறை இருந்தால் அதற்கான இடம் அந்த வாரியம். மைதானத்தில் நிற்கும் நடுவர் இருக்கிற விதியைத்தான் செயல்படுத்த முடியும்.

ஃபவுல், மஞ்சள், சிவப்பு

எதிரணி வீரரைக் கவனக்குறைவாக இடித்தால் ஃப்ரீ கிக் மட்டுமே. அவருக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள் அட்டை. அளவுமீறிய பலத்தால் அவரது உடலுக்கு ஆபத்தை உண்டாக்கினால் சிவப்பு அட்டை. "முதலில் பந்தைத்தானே தொட்டார்?" என்று நாம் வாதிடுவதுண்டு. பந்தைத் தொட்ட பிறகும் மோதல் முரட்டுத்தனமாக இருந்தால் அது ஃபவுல்தான்.

குற்றம் நடந்தும் நடுவர் விசில் ஊதாமல் இரு கைகளையும் முன்னே நீட்டினால், அவர் கவனிக்கவில்லை என்று பொருளல்ல. பாதிக்கப்பட்ட அணிக்கு ஆட்டம் தொடர்வதே நன்மை என்று கருதி விடுகிறார். இதை 'அட்வான்டேஜ்' என்பார்கள். சில நொடிகளில் அந்த நன்மை கிடைக்காவிட்டால், திரும்பி வந்து ஃப்ரீ கிக் கொடுக்கலாம்.

கையில் பட்டால் எல்லாம் குற்றமா?

இல்லை. வேண்டுமென்றே கையால் தொடுவது குற்றம். உடலின் இயல்பான அசைவுக்குப் பொருந்தாமல் கையை விரித்துத் தடுப்பதும் குற்றம். கை உடலோடு ஒட்டியிருக்கும்போது பந்து வந்து பட்டால் பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் ஒருவர் கையில் பட்ட பந்து நேராக எதிரணி வலைக்குள் போனால், தற்செயலாக இருந்தாலும் அது கோல் ஆகாது. தோள் கையாகக் கணக்கிடப்படாது.

ஆஃப்சைடு

சக வீரர் பந்தை உதைக்கும் அந்த நொடியில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது வீரரையும் தாண்டி நிற்பதே ஆஃப்சைடு நிலை. கோல் கீப்பரும் அந்தக் கணக்கில் சேர்வார். சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமாகாது. ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது.

ஒரே ஆட்டம், இரண்டு கோல்கள்

1986 ஜூன் 22. மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில் அர்ஜென்டினா, இங்கிலாந்து அணிகளின் காலிறுதி. நடுவர் துனிசியாவைச் சேர்ந்த அலி பின் நாசர். 51-வது நிமிடத்தில் மரடோனா கையால் தட்டி கோல் போட்டார். தம்மால் கையைப் பார்க்க முடியவில்லை என்றும், துணை நடுவரைப் பார்த்தபோது அவர் கொடியை உயர்த்தவில்லை என்றும் பின் நாசர் பின்னாளில் சொன்னார். கோல் நின்றது.

நான்கு நிமிடம் கழித்து மரடோனா தம் பாதியிலிருந்து பந்தைக் கொண்டுபோய் இரண்டாவது கோல் போட்டார். வழியில் அவரை வீழ்த்த முயன்றபோது விசில் ஊதத் தயாராக இருந்தும் ஊதாமல் விட்டதைப் பின் நாசர் பெருமையுடன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஊதியிருந்தால் உலகம் இன்றும் பேசும் அந்தக் கோல் இல்லை. அர்ஜென்டினா 2-1 என்று வென்றது. முதல் கோலின் தவறு மட்டுமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இன்று வீடியோ இருக்கிறதே?

2018 முதல் வீடியோ உதவி நடுவர் முறை விதிநூலில் இடம்பெற்றுள்ளது. அந்த ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையிலும் பயன்பட்டது. கோலா இல்லையா, பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை கொடுத்தல் போன்ற முக்கிய முடிவுகளில், தெளிவான, வெளிப்படையான தவறு இருந்தால் மட்டுமே அது தலையிடும். இருபுறமும் வாதிட இடமுள்ள முடிவை அது மாற்றாது. இறுதி முடிவும் மைதானத்திலுள்ள நடுவருடையதே. 1986-ல் இது இருந்திருந்தால் அந்தக் கை தெரிந்திருக்கும்.

நாம் பல கோணங்களில், மெதுவாக ஓட்டி, திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நடுவர் ஓடிக்கொண்டே, ஒரு கோணத்தில், ஒரு முறை பார்க்கிறார். அவர் தவறலாம், தவறுவதும் விலைபோவதும் ஒன்றல்ல. அடுத்த முறை விசில் ஒலிக்கும்போது பிள்ளையிடம் கேட்போம்: "எந்த விதிப்படி ஊதினார், சொல் பார்ப்போம்?"