வேலை பார்ப்பவருக்குப் பாடம்: செயற்கைக்கோள் முதல் செல்போன் வரை



உங்களில் பலருக்கு அலுவலகத்திலிருந்து "இந்த ஆன்லைன் கோர்ஸை மாதக் கடைசிக்குள் முடிக்கவும்" என்று மெயில் வருகிறதாம். இது ஏதோ இப்போது முளைத்த தொல்லை என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஆசிரியர் இனம் இதை 50 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது.

1975 ஆகஸ்ட் 1 அன்று 'சைட்' என்ற திட்டம் தொடங்கியது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அது நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை. நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி கொடுத்தார்கள். நம் மாநிலம் அந்த ஆறில் இல்லை. ஆந்திராவும் கர்நாடகாவும் இருந்தன. அந்தப் பெட்டியைக் கொண்டே ஏறத்தாழ 50,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு சுற்றுகளாக அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் நடந்தது.

வெறும் டி.வி.யைக் காட்டிவிட்டு அனுப்பிவிடவில்லை. கூடவே வானொலி நிகழ்ச்சி, அச்சிட்ட கையேடு, கையால் செய்து பார்க்கும் சோதனைகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு மையத்திலும் ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருந்தார். படம் முடிந்ததும் "புரியவில்லையே" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் கூடினார்கள், அதற்கென்றே நாட்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இதுதான் முக்கியம் என்பேன். ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் வேறு பக்கம் நகர்த்தப்பட்டுவிட்டது. அது வேறு கதை.

அப்புறம் 1986 கல்விக் கொள்கை, மாவட்டந்தோறும் 'டயட்', வட்டார வள மையம், குறுவள மையம் என்று பயிற்சி மறுபடி நேருக்கு நேர் வந்தது. 2004-இல் கல்விக்கென்றே எஜுசாட் விண்ணில் ஏறியது. நல்ல முயற்சிதான், ஆனால் டிஷ் ஆன்டெனாவைப் பராமரிக்கப் பள்ளியில் யார் இருக்கிறார்கள்?

பெரிய பரீட்சை 2017-இல் வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பணியில் இருக்கும் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெற்றாக வேண்டும் என்றார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தொடக்கக் கல்வி டிப்ளமோவுக்குச் சேர்ந்தார்கள். பாடம் 'ஸ்வயம்' தளத்திலும் டி.டி.எச். சேனலிலும், விடுமுறை நாட்களில் நேரடி வகுப்பு. பீகார் போன்ற மாநிலங்களில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்த தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஏராளம். அவர்களை உட்கார்ந்து படிக்க வைத்தது தொழில்நுட்பம் அல்ல, வேலை போய்விடும் என்ற பயம்.

படித்து முடித்த பிறகு என்ன ஆனது? அந்த 18 மாத டிப்ளமோ, நாங்கள் பயிற்சிப் பள்ளியில் வாங்கிய இரண்டாண்டு டிப்ளமோவுக்குச் சமமா என்று வழக்கு. சமமல்ல என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு, 2017-இல் ஏற்கெனவே பணியில் இருந்து குறித்த காலத்துக்குள் முடித்தவர்களுக்கு நிவாரணம் தந்தது. நடுவில் அவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். அரசு சொல்லித்தான் படித்தார்கள்!

2019-இல் 'நிஷ்டா' பயிற்சி நேரடியாகத் தொடங்கி, கொரோனாவில் 'தீக்ஷா' செயலிக்கு மாறியது. அங்கே வசதிகள் நிறைய: நம் மொழியில் பாடம், வேண்டிய நேரத்தில் பார்க்கலாம், சான்றிதழும் வரும். ஆனால் பயிற்சி மையத்துக்குப் போகும் நாள் பணிநாளாகக் கணக்கில் வந்தது. செல்போனில் வந்ததும் அது இரவு எட்டு மணி வேலையாகிவிட்டது. போனும் நம்முடையது, டேட்டாவும் நம்முடையது. வீடியோவை ஓடவிட்டு அடுப்படியில் தோசை ஊற்றிய ஆசிரியைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வினாடி வினா விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றியதையும் எல்லோரும் அறிவோம். ஆனாலும் பிடித்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மறுநாளே வகுப்பில் செய்து காட்டியவர்களும் உண்டு. வகுப்புக்கு உடனே உதவியது எதுவோ அதை யாரும் தள்ளிவிடவில்லை.

உங்கள் அலுவலகங்களில் எப்படி? படிக்க வேலை நேரத்திலேயே இடம் தருகிறார்களா, இல்லை வீட்டில்தான் முடிக்க வேண்டுமா? சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டா? வங்கியிலும் மருத்துவமனையிலும் இருப்பவர்கள் அவசியம் எழுதுங்கள்.