கப்பலுக்கு வெளியே ஒருவர், உள்ளே ஒருவர்

டைட்டானிக் கப்பலின் படங்கள் எல்லாருக்கும் தெரியும். அவற்றை எடுத்தவங்க யாருன்னு கேட்டால் பதில் சட்டென்று வராது. அந்தக் கப்பலைப் படம் பிடித்தவர்கள் பலர். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இருவருக்கும் பெயர் ஃபிராங்க்.

முதலாமவர் ஃபிராங்க் பீக்கன். இங்கிலாந்தின் வைட் தீவில் கௌஸ் என்ற ஊர், குடும்பத்துக்கு மருந்துக்கடை. சவுத்தாம்டனிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் அந்தக் கரையோரமாகத்தான் போகும். கடையையும் பார்த்துக்கொண்டு, போகிற வருகிற கப்பல்களையும் பாய்மரப் படகுகளையும் ஆயுள் முழுக்கப் படம் எடுத்தார். ஆடுகிற படகில் நின்றுகொண்டு எடுக்கணுமே! கேமராவைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். அதனால் ஒரு ரப்பர் பந்தைப் பல்லால் கடித்தால் ஷட்டர் இயங்கும்படி தானே ஒரு கேமராவை வடிவமைத்தார். 1912 ஏப்ரல் 10 அன்று டைட்டானிக் போனபோதும் படம் எடுத்தார். அவருக்கு அது வழக்கமான வேலை, அவ்வளவுதான்.

இரண்டாமவர் ஃபிராங்க் பிரவுன், அயர்லாந்துக்காரர். அப்போது இயேசு சபையில் இறையியல் மாணவர். பிஷப்பாக இருந்த சித்தப்பா எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் சவுத்தாம்டனில் ஏறினார். கப்பலில் பழக்கமான ஓர் அமெரிக்கத் தம்பதி, நியூயார்க் வரை வாங்க, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அனுமதி கேட்டுத் தந்தி போனது. உடனே இறங்கு என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ஏப்ரல் 11 அன்று குவீன்ஸ்டவுனில் இறங்கிவிட்டார். அவரோடு மேல்தளத்தில் பம்பரம் விட்ட சிறுவனின் படமும், உடற்பயிற்சி அறையின் படமும், வயர்லெஸ் அறையின் படமும் கரை சேர்ந்தன. ஆபத்துச் செய்தி போனது அந்த அறையிலிருந்துதான். அந்த அறைக்கு இன்று இருக்கும் ஒரே படம் இது. அதிலும் ஒரே பிலிமில் இரண்டு காட்சிகள் பதிந்துவிட்டன. சாதாரண நாளாக இருந்தால் கழித்துக் கட்டியிருப்பார்கள்.

ஆனால் எடுத்தது பாதிதான், காப்பாற்றியது மீதி. பீக்கன் குடும்பம் கண்ணாடித் தகடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தியது. பிரவுன் 1960இல் இறந்தார். அவருடைய நெகடிவ்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. 1985இல்தான் இன்னொரு பாதிரியார் கண்ணில் பட்டன. ஏறக்குறைய 42,000! பழைய நைட்ரேட் பிலிம் தானாகவே சிதையக்கூடியது. இன்னும் தாமதித்திருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும்?

இன்றும் துறைமுகங்களில் சொகுசுக் கப்பல் வரும்போதெல்லாம் கேமராவோடு நிற்பவர்கள் உண்டு. வேலை இல்லாதவங்கன்னு நினைக்கலாம். 1962இல் ஓடத் தொடங்கிய 'பிரான்ஸ்' என்ற கப்பல், 1980இல் 'நார்வே' என்ற சொகுசுக் கப்பலாக மாறியது. கடைசியில் 'புளூ லேடி' என்ற பெயரோடு குஜராத்தின் அலங் கரைக்கு வந்து உடைபட்டது. இரும்பு உருக்காலைக்குப் போயாச்சு. அது கடலில் போன கோலத்தை இனிப் பார்க்க, அன்று கரையில் நின்றவர்கள் எடுத்து வைத்த படங்கள்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பழைய பெட்டி இருந்தால், தூக்கிப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்க.